சிரிக்கும் அவை: கல்கத்தாவின் ஒரு கூடமும் ஓர் இளைஞனும்



இலக்கிய அவையில் ஓர் இளம் எழுத்தாளர் எழுந்து நின்று தன் நகைச்சுவை எழுத்தைத் தானே வாசிப்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது சிறிய பொருளாகத் தோன்றலாம். இந்தக் கொல்கத்தா நகரத்தில் பேச வாய்ப்புக் கிடைத்ததால்தான் இதை எடுத்துக்கொண்டேன். நூற்றுச் சில்லறை ஆண்டுகளுக்கு முன் வட கல்கத்தாவில், இருபது வயதை எட்டிய ஓர் இளைஞர் வீட்டுக் கூடத்தில் உற்றாரையும் நண்பர்களையும் உட்காரவைத்துத் தம் எழுத்தைப் படித்தும் நடித்தும் காட்டினார். வங்க மொழியின் ஈடில்லாத நகைச்சுவை இலக்கியம் அங்கே முளைவிட்டது. அவர் பெயர் சுகுமார் ராய். தமிழர்களில் பலர் அவரைச் சத்யஜித் ராயின் தகப்பனாராகவே அறிவோம். வங்காளிக் குழந்தைகளோ மகனின் படங்களைப் பார்க்கும் முன்பே தகப்பனாரின் பாட்டுகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

1887 அக்டோபர் 30 அன்று பிறந்தவர் அவர். கார்ன்வாலிஸ் தெருவில், சாதாரண பிரம்ம சமாஜத்துக்கு எதிரே இருந்த வீடு. இன்று அந்தத் தெருவுக்கு விதான் சரணி என்று பெயர். தந்தை உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்கு எழுதியவர், ஓவியர், வயலின் வாசித்தவர். படங்களை அச்சேற்றும் ஹாஃப்டோன் முறையில் உலகம் மதித்த வல்லுநர். உடன்பிறந்தார் பலரும் எழுதினார்கள், வரைந்தார்கள். சுகுமாரின் தங்கை புண்யலதா சக்ரவர்த்தி தம் சிறுவயது நினைவுகளை ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்கிறார். யார் மேலாவது குழந்தைகளுக்குக் கோபம் வந்து, அதைத் தீர்த்துக்கொள்ள வழியில்லாமல் போனால் அண்ணன் சுகுமார் எல்லோரையும் கூட்டிவைத்து அந்த ஆளைப் பற்றி வாய்க்கு வந்தபடி ஒரு கதை கட்டுவாராம். அந்த மனிதருக்கு நேரும் சங்கடங்கள் ஒன்றை விட ஒன்று விபரீதமாகப் போகும். ஆனால் கதையில் வன்மம் இருக்காது. கேட்டுக் கேட்டுச் சிரித்து முடிக்கும்போது கோபம் எங்கே போனதென்றே தெரியாது.

அந்தப் பிள்ளை விளையாட்டில் பின்னால் வந்த சுகுமார் முழுசாக இருக்கிறார் என்று நான் நம்புகிறேன். எதிரே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மனநிலை அவருக்குத் தெரியும். அதை மாற்றவேண்டும், அதுவும் இப்போதே, இந்தக் கதைக்குள்ளேயே மாற்றவேண்டும். கதை சொல்பவருக்குத் தப்பிக்க இடமில்லை.

பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியலிலும் வேதியியலிலும் ஆனர்ஸ் பெற்றுப் பட்டம் வாங்கிய காலத்தில் அவர் 'நான்சென்ஸ் கிளப்' என்ற ஒன்றைத் தொடங்கினார். வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சியில் ஊரே கொதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. 1906 டிசம்பரில்தான் நம் பாரதி காங்கிரஸ் மாநாட்டுக்காக இங்கே வந்தார். இரண்டு இளைஞர்களும் ஒரே ஊரில் ஒரே காற்றைச் சுவாசித்திருக்கிறார்கள். சுகுமாரும் சுதேசிப் பாட்டு எழுதியவர்தான். ஆனால் அவர் கூட்டிய சங்கத்துக்கு வைத்த பெயர் அர்த்தமில்லாப் பேச்சின் பெயர். சங்கத்துக்குக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் உண்டு. தெருவில் விற்கும் முப்பத்திரண்டு வகை வறுவல் கலவையின் பெயரைத் தழுவி அதற்கு 'சாடே பத்ரிஷ் பாஜா', அதாவது முப்பத்திரண்டரை வறுவல் என்று பெயரிட்டார்கள்.

அந்த கிளப்புக்காக அவர் எழுதிய இரண்டு நாடகங்கள் இன்றும் நடிக்கப்படுகின்றன: 'ஜாலாபாலா', 'லக்ஷ்மணேர் சக்திசேல்'. அவை எப்படி நடந்தன என்று புண்யலதா சொல்வதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கட்டிய மேடை கிடையாது. திரைச்சீலை கிடையாது. வேஷமும் ஒப்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வசனத்திலும் குரலிலும் முகபாவத்திலுமே எல்லாம் நடந்தது. நாடகத்தை எழுதியவரும் சுகுமாரே, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே, முக்கியமான வேஷம் கட்டியவரும் பெரும்பாலும் அவரே. அசட்டு ஆளாக நடிப்பதில் அவருக்கு இணை கிடையாதாம்.

இந்தக் கடைசிச் செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நகைச்சுவை எழுதுகிற இளைஞருக்கு முதலில் வரும் ஆசை, மற்றவர்களை அசடாக்குவது. சுகுமார் அசட்டு வேஷத்தைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். அதனால்தான் அந்தக் கூடத்தில் பண்டிதரையும் ஜமீன்தாரையும் தொட அவருக்கு உரிமை கிடைத்தது. எழுத்தில் நிற்கும் மனிதர் எவ்வளவு பெரிய மேதாவியாக இருந்தாலும், அவையில் நிற்கும் மனிதர் தம்மை விட்டுக்கொடுத்தால்தான் கேட்பவர் மனம் நெகிழ்ந்து சிரிக்கும்.

'ஜாலாபாலா'வில் ஒரு பண்டிதர் வருகிறார். ஆங்கிலம் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. மாணவன் சின்னஞ்சிறிய ஆங்கில வாக்கியம் ஒன்றுக்குப் பொருள் கேட்கிறான். அவர் தமக்குத் தெரிந்த சம்ஸ்கிருதத்தை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து விளக்கிக்கொண்டே போய், கண்ணீர் விட்டு நிற்கும் ஒரு மாட்டிடம் வந்து சேர்கிறார். மாடு ஏன் அழுகிறது என்பதற்கும் அவரிடம் காரணம் இருக்கிறது. விளக்கத்தில் தர்க்கம் எந்த இடத்திலும் அறுபடுவதில்லை, அதுதான் அழகு. ஆங்கிலப் பள்ளிக்கும் சம்ஸ்கிருதப் பாடசாலைக்கும் நடுவே வளர்ந்த தலைமுறை அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பண்டிதரிடம் படித்தவர்கள். அவர்களுக்காகவே எழுதப்பட்ட காட்சி அது.

'லக்ஷ்மணேர் சக்திசேல்' நாடகம் நமக்கு இன்னும் நெருக்கமானது. இராவணன் எறிந்த வேலை இலக்குவன் மார்பில் ஏற்பதைக் கம்பன் வேலேற்ற படலத்தில் பாடியிருக்கிறான். வீடணனைக் காக்கத் தன் மார்பைக் கொடுக்கும் அந்த இடம் காவியத்தின் உச்சங்களில் ஒன்று. சுகுமார் அந்தக் கட்டத்தையே எடுத்துக்கொள்கிறார். அவருடைய இராமன் அவையில் ஜாம்பவான் தூங்கி வழிகிறார். வானர சேனை நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு யோசனை சொல்கிறது. விழுந்து கிடக்கும் இலக்குவனைக் கொண்டுபோக எமதூதர்கள் வருகிறார்கள். பிறகு எமனே வருகிறான். அனுமன் கொண்டுவந்த மலைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறான். இராமாயணத்தை அணு அணுவாக அறிந்த, அதை நேசித்த குடும்பத்துக்கு முன்னால் இது நடந்தது. உபேந்திரகிஷோரே குழந்தைகளுக்கு இராமாயணம் எழுதித் தந்தவர். தந்தை பக்தியோடு சொன்ன கதையை மகன் சிரிக்கச் சொன்னார். தந்தையின் வீட்டில் அதற்கு இடம் இருந்தது. அந்த இடம் இல்லாமல் போயிருந்தால் சுகுமார் வெறும் அச்சக நிபுணராக நின்றிருப்பார்.

அச்சுத் தொழில் படிக்க 1911-இல் அவர் இங்கிலாந்து போனார். லண்டனிலும் மான்செஸ்டரிலும் படித்தார். அங்கே வங்க இலக்கியத்தைப் பற்றியும் தாகூரைப் பற்றியும் ஆங்கிலத்தில் கட்டுரைகள் வாசித்தார். 1913-இல் திரும்பி வந்தபோது தந்தை 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1915 டிசம்பரில் தந்தை மறைந்த பின் பத்திரிகையும் அச்சகமும் மகன் தோளில் இறங்கின. குடும்பம் அப்போது 100, கர்பார் ரோடு வீட்டில், அச்சகமும் அங்கேதான்.

அந்த ஆண்டுகளில்தான் 'மண்டே கிளப்' கூடியது. திங்கட்கிழமைகளில் உறுப்பினர்களின் வீடுகளில் மாறி மாறிச் சந்திப்பு. வந்தவர்களின் பெயர்களைச் சொன்னால் அந்தக் கூட்டத்தின் எடை புரியும். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய பிரசாந்த சந்திர மஹலநோபிஸ். 1926-இல் வங்க மொழியின் தோற்ற வளர்ச்சியைப் பற்றிப் பெரும் நூல் வெளியிட்ட சுனீதி குமார் சாட்டர்ஜி. சந்தத்தின் மன்னரான கவிஞர் சத்யேந்திரநாத் தத்தா. பாடலாசிரியர் அதுல் பிரசாத் சென். வரலாற்றறிஞர் காளிதாஸ் நாக். பிளேட்டோவும் நீட்சேயும் அங்கே பேசப்பட்டார்கள். சாப்பாடும் தடபுடலாக இருந்ததால் 'மொண்டா' என்ற இனிப்பின் பெயரைச் சேர்த்து அதை மொண்டா கிளப் என்றே அழைத்தார்கள். கூட்டத்துக்கான அழைப்பிதழ்களைச் சுகுமார் பாட்டாக எழுதி அச்சிட்டு அனுப்புவார். ஒரு முறை செயலாளர் கண்ணில் படாமல் போய்விட, அவரையே கேலி செய்து ஓர் அழைப்பிதழ் போனது. அந்தச் சீட்டுகளை வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். இன்று அவை அவருடைய தொகுப்புகளில் இடம்பெறுகின்றன.

மண்டே கிளப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஒன்று எனக்கு வியப்பாக இருக்கும். அவ்வளவு கனத்த அறிவு கூடிய அறையில் சிரிப்பு ஒரு கொசுறாக இருக்கவில்லை. தத்துவம் பேசிய அதே வாய்கள், அதே மாலையில் அபத்தப் பாட்டைக் கேட்டு அதன் யாப்பையும் எடைபோட்டன. சத்யேந்திரநாத் தத்தா இருக்கும் இடத்தில் ஓர் அசை பிசகினால் தெரிந்துவிடும். சுனீதி குமார் இருக்கும் இடத்தில் ஒரு சொல் தவறான இடத்திலிருந்து வந்தால் தெரிந்துவிடும். அறிஞர் சபைகளின் வாதப் பிரதிவாதங்களையே சுகுமார் 'சலசித்தசஞ்சரி' என்ற நாடகத்தில் பொருளாக்கினார். கொள்கைப் பெயர்களை வாய் நிறைய உச்சரித்துக்கொண்டு இரண்டு கூட்டத்தார் மோதிக்கொள்கிறார்கள். அறிஞர்களோடு பழகியவரால்தான் அதை எழுத முடியும்.

நகைச்சுவையை அவையில் வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் சுகுமாரோடு தொடங்கவில்லை. 1890-களின் பிற்பகுதியில் ஜோராசாங்கோவில் தாகூர் குடும்பத்தார் 'காம்கேயாலி சபா' என்றொரு கூட்டம் நடத்தினார்கள். துவிஜேந்திரலால் ராய் தம் சிரிப்புப் பாட்டுகளைப் பாடிய இடம் அது. 'பைகுண்டேர் காதா' என்ற தாகூரின் நகைச்சுவை நாடகமும் அந்தச் சபையின் உற்சாகத்தில் வந்தது. தாம் எழுதியதை வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்து உட்காரவைத்துப் படித்துக்காட்டும் ஒரு முதியவர்தான் அதன் நாயகர். எழுத்தாளர்கள் கூடிய அவையில் எழுத்தாளரின் அந்தப் பலவீனத்தையே காட்டிச் சிரிக்கவைக்கிற துணிச்சல் தாகூருக்கு இருந்தது.

சுகுமாருக்குப் பிறகும் அது தொடர்ந்தது. கர்பாருக்குப் பக்கத்திலேயே பார்சிபாகான் சந்தில் 14-ஆம் எண் வீடு. ராஜசேகர் பாசுவும் சகோதரர்களும் கூட்டிய அரட்டை அங்கே. ராஜசேகர் வேதியியலாளர், பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தை நடத்தியவர். 'பரசுராம்' என்ற பெயரில் அவர் எழுதிய கதைகள் 1922 முதல் வெளிவரத் தொடங்கின. அச்சுக்குப் போகும் முன் அவற்றைக் கேட்டது அந்த அறை. சுகுமார், பரசுராம் இருவருமே பிரசிடென்சியில் வேதியியல் படித்தவர்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சோதனைக் கூடத்தில் கலவை பொங்குகிறதா இல்லையா என்று கண்முன் பார்த்துப் பழகியவர்களுக்கு, எழுதியதை நாலு பேர் முன் வைத்துப் பார்ப்பது இயல்பாக வந்திருக்கும்.

அந்தச் சோதனை நகைச்சுவைக்குத் தனியாகப் பொருந்தும். துயரமான கவிதையை வாசித்தால் அவை அமைதியாக இருக்கும். அது உருக்கத்தால் வந்த அமைதியா, மரியாதையால் வந்ததா, களைப்பால் வந்ததா என்று வாசித்தவருக்குத் தெரியாது. சிரிப்பில் அந்த மயக்கத்துக்கு இடமே கிடையாது. வருகிறது, அல்லது வரவில்லை. நட்புக்காக ஒரு முறை சிரித்துவிடலாம், மூன்றாம் முறை முடியாது. வாக்கியத்தில் ஒரு சொல் கூடினால் சிரிப்புத் தள்ளிப்போகும். முக்கியமான சொல் வாக்கியத்தின் நடுவில் புதைந்தால் செத்தே போகும். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் அந்த இறுதிச் சொல்லுக்காக அவையைக் காக்கவைக்க முடியும். அதற்கு முன்னால் எங்கே மூச்சு விடுவது என்பதைக் கற்றுக்கொள்ள உரக்க வாசிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வாசிப்பவர் தாமே முந்திச் சிரித்துவிடக் கூடாது. அவை சிரிக்கும்போது அடுத்த வரியை அதன் மேல் போடக் கூடாது. அடங்கும் வரை நிற்கவும் கூடாது, சற்று முன்பே எடுக்கவேண்டும். இவற்றை எந்த விமரிசகரும் எழுதிக் கற்றுத்தர முடியாது.

அறை ஏமாற்றவும் செய்யும். அதையும் சொல்லவேண்டும். வீட்டுக்குள் மட்டும் புரிகிற கேலிக்கு வீடு விழுந்து விழுந்து சிரிக்கும். அது வாசல் தாண்டாது. பலவீனமானவர்களைச் சீண்டினால் உடனே சிரிப்பு வரும். அது எழுதுபவரைக் கெடுத்துவிடும். சுகுமார் இதிலிருந்து தப்பியதற்கு 'சந்தேஷ்' உதவியது என்பது என் கணிப்பு. திங்கட்கிழமை அறிஞர்களுக்குப் படித்துக்காட்டுகிறவர் மாதம் பிறந்தால் ஊர் பேர் தெரியாத குழந்தைகளுக்கும் எழுதியாகவேண்டும். குழந்தைக்குச் சபை மரியாதை கிடையாது. இரண்டு தேர்விலும் தேறிய எழுத்து அவருடையது.

மகன் சத்யஜித் பிறந்த 1921-ஆம் ஆண்டிலேயே சுகுமாருக்குக் காலா அசார் காய்ச்சல் கண்டது. அதற்கான மருந்தான யூரியா ஸ்டிபமினை உபேந்திரநாத் பிரம்மசாரி இதே கல்கத்தாவில்தான் அந்த ஆண்டுகளில் உருவாக்கிக்கொண்டிருந்தார். அது பரவலாகக் கிடைப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. படுக்கையில் இருந்தபடியே தம் முதல் கவிதைத் தொகுப்பான 'ஆபோல் தாபோல்' நூலுக்குப் பாட்டுகளைத் திருத்தினார், படம் வரைந்தார், அட்டையையும் வடிவமைத்தார். 1923 செப்டம்பர் 10 அன்று காலமானார்; வயது முப்பத்தைந்து. புத்தகம் செப்டம்பர் 19-இல் வெளிவந்தது. இன்றும் அது அச்சில் இருக்கிறது. தம் முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்ததைக் காணாத அந்த மனிதருக்கு வாழ்நாளில் கிடைத்த முழு அங்கீகாரமும் கேட்டவர்களிடமிருந்தும் 'சந்தேஷ்' படித்தவர்களிடமிருந்தும் வந்தது. அது சிறிய அங்கீகாரமா?

இனி நம் பக்கம் வருகிறேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் நான்கு இடங்களில் இளமையும் ஒன்று என்றார். சிரிப்பு நம் இலக்கணத்தின் தலைவாசலில் உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையை நண்பர்களோடு தொடங்கியபோது அவருக்கும் இருபதுக்குள்தான் வயது. பின்னர் 1941-இல் திரைப்படமான 'சபாபதி' அவர் எழுதிய நகைச்சுவை நாடகத்திலிருந்து வந்தது. கல்கி 1928-இல் ஆனந்த விகடனில் நுழைந்தது 'ஏட்டிக்குப் போட்டி' என்ற நகைச்சுவைக் கட்டுரையோடு. எஸ்.வி.வி., தேவன் என்று வரிசை நீளும்.

அப்படிப்பட்ட மரபு உள்ள நாம் சிரிப்பை இரண்டாகப் பங்குபோட்டுவிட்டோம். பட்டிமன்றத்துக்கும் மேடைப் பேச்சுக்கும் சிரிப்பைக் கொடுத்தோம். இலக்கிய வாசிப்புக்குக் கனத்த முகத்தை வைத்துக்கொண்டோம். பட்டிமன்றத்தில் சிரிக்கவைப்பவர் எழுத்தாளராக இருக்கவேண்டிய தேவை இல்லை. வாசிப்பு அவையில் எழுதுபவருக்கோ சிரிக்கவைக்க அனுமதி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கதை வாசிப்பில் கேட்பவர்களில் ஒருவனாக இருந்தேன். கல்லூரி முடித்த ஓர் இளம் பெண், வீட்டில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒரு பகலைப் பற்றி எழுதியதை வாசித்தார். அவை குலுங்கிச் சிரித்தது. வாசிப்பு முடிந்ததும் நெறியாளர், "சரளமாக எழுதுகிறீர்கள், அடுத்த முறை கனமான விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அன்று மிகவும் வருத்தமாக இருந்தது. தண்ணீர் இல்லாத வீட்டின் பகலை விடக் கனமான விஷயம் எது? அவர் அதை அவ்வளவு நேர்த்தியாகச் சொன்னதால் கனம் தெரியாமல் போயிற்று. அப்படித் தெரியாமல் செய்வதற்கு எத்தனை முறை அடித்து எழுதியிருப்பார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

கேட்பவர்கள் அந்தச் சமயத்தில் சொல்லும் ஒரு சொல் ஒருவரின் எழுத்து வாழ்க்கையைத் திருப்பிவிடும். மஹலநோபிஸும் சாட்டர்ஜியும் சுகுமாரிடம் கனமாக எழுதச் சொல்லவில்லை. அவர்கள் மறு திங்கட்கிழமையும் வந்தார்கள்.

ஆகவே இந்த அறக்கட்டளையாரிடமும், இந்த நகரத்தில் தமிழ்க் கூட்டங்கள் நடத்துகிறவர்களிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் வேலையிடத்தில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறார்கள். 'ஜாலாபாலா'வின் பண்டிதரைப் போல நாலு மொழிகளுக்கு நடுவே தடுமாறும் மனிதர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதை எழுத அவர்களை விடத் தகுதியானவர் சென்னையிலும் இல்லை, மதுரையிலும் இல்லை. மாதம் ஒரு மாலை, ஒருவர் வீட்டுக் கூடம், இருபது பேர் போதும். முப்பது வயதுக்குட்பட்டவர்கள் தாங்கள் எழுதிய நகைச்சுவையைத் தாங்களே வாசிக்கட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். பரிசு வேண்டாம், நடுவர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். வாசித்த பிறகு எந்த இடத்தில் சிரித்தோம், எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்று மட்டும் பெரியவர்கள் சொல்லட்டும். நன்றாக வந்தவற்றைக் கையெழுத்துப் பிரதியாகச் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வரப்போகும் பேச்சாளரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்; சம்மதிப்பார் என்று நம்புகிறேன். முதல் மாலைக்கான மொண்டா என் செலவு.